இரண்டு உலோகம், நடுவில் ஒரு பாலம்: இலத்திரன் யாருடையது என்று கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

"சேர், ரெண்டு அலை வந்திருக்கு. அப்ப ரெண்டு உலோகமும் நல்லாக் கதைக்குது தானே?"

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டும் பிள்ளைகள் அநேகமாக இப்படித்தான் தொடங்குவார்கள். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "தெரியாது தம்பி. இன்னும் ஒன்றும் தெரியாது."

அலை என்பது, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும்போது இலத்திரன் போகும் இடத்தில் எழும் மேடு. கதைப்பது என்பது, உலோகங்கள் பாலம் வழியாக இலத்திரனைப் பகிர்வது. இது கரிம உலோகச் சேர்வைகளில் இரண்டு உலோகக் கருக்களை ஒரு பால லிகன்டால் (இரண்டையும் பிடித்து நிற்கும் தொகுதியால்) இணைத்துவிட்டு, அடுத்து என்ன அளப்பது என்று யோசிப்பவர்களுக்கான வழிகாட்டி. சேர்வையைத் தயாரித்து, தூய்மையாக்கி, கட்டமைப்பையும் உறுதிசெய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது வரிசையைத்தான். முதலில் இலத்திரன் யாரிடமிருந்து போகிறது என்று பாருங்கள். உலோகங்கள் எவ்வளவு பலமாகப் பிணைந்திருக்கின்றன என்பது அதற்கு அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

1. அளப்பதற்கு முன் ஒரு தாளில் படம் போடுங்கள்

உலோகம், பாலம், உலோகம் என்று மூன்று பெட்டிகள் வரையுங்கள். நடுநிலைச் சேர்வையிலிருந்து ஓர் இலத்திரனை எடுத்தால், அந்த வெற்றிடம் எந்தப் பெட்டியில் இருக்கும்? இடது உலோகத்தில் மட்டுமா, இரண்டு உலோகங்களிலும் பாதி பாதியா, பாலத்திலா, அல்லது மூன்றிலும் பரவியா?

கிண்ணியாப் பாலத்தில் போகிறவர்களுக்கு இதைச் சொல்வது சுகம். வாகனம் ஒரு கரையில் ஏறி, நடுவில் நிற்காமல் மறுகரையில் இறங்குகிறது. பாலம் இல்லாவிட்டால் போக்குவரத்தே இல்லை, ஆனால் பாலத்தில் யாரும் குடியிருப்பதில்லை. 2009 இல் அது திறக்கப்படும்வரை நாங்கள் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தோம். அதில் ஆட்கள் நடுத்தண்ணீரிலும் இருந்தார்கள். பால லிகன்ட்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. சிலவற்றின் ஒபிற்றல்கள் இலத்திரனுக்கு வழிமட்டும் விடும். சிலவற்றின் ஒபிற்றல்கள் உலோகத்தின் சக்திக்கு அருகிலேயே இருப்பதால், இலத்திரன் போவதே பாலத்திலிருந்துதான்.

பைரசீன், சயனைட்டு போன்ற பாலங்களில் முதல் வகையை எதிர்பார்க்கலாம். றுத்தேனியத்தை நீண்ட அரோமற்றிக்கு வளையங்களோடு அல்கைன் அல்லது வைனைல் தொகுதியால் இணைத்திருந்தால் இரண்டாம் வகையை எதிர்பாருங்கள். இது எதிர்பார்ப்பு மட்டும்தான். தாளில் பென்சிலால் எழுதுங்கள்.

2. துணைச் சேர்வைகள் இல்லாமல் தொடங்க வேண்டாம்

குறைந்தது இரண்டு ஒப்பீட்டுச் சேர்வைகள் வேண்டும். ஒன்று, அதே உலோகத் தொகுதி ஒரு முனையில் மட்டும் உள்ளது. மற்றது, உலோகமே இல்லாத பாலம். முனைகளில் ஐதரசனோ மெதைல் தொகுதியோ இருக்கலாம்.

காரணம் எளிது. இருஉலோகச் சேர்வையின் முதல் ஒட்சியேற்ற அழுத்தம் (முதல் இலத்திரனை எடுக்கும் மின்னழுத்தம்) மட்டும் தெரிந்தால், அது உலோகத்தினுடையதா பாலத்தினுடையதா என்று சொல்ல வழியில்லை. ஓருலோகச் சேர்வை அருகில் இருந்தால் இரண்டாவது உலோகம் வந்ததால் என்ன மாறியது என்று தெரியும். பாலம் தனியாகவே இலகுவில் ஒட்சியேறினால் எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிடும்.

"நேரமில்லை, சேர்" என்று இந்தப் படியைத் தாண்டியவர்கள், கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் கேள்வி அனுப்பியபின் திரும்ப வந்து இதைத்தான் செய்தார்கள்.

3. கரைப்பான், உப்பு, ஈரம்

நம் ஊரில் இந்தப் படிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கடற்காற்றில் மூடி திறந்த போத்தல் எதுவும் காய்ந்த நிலையில் இருக்காது.

வழமையான தொடக்கம்: காய்ந்த இருகுளோரோமெதேன், அதில் லீற்றருக்கு 0.1 மூல் தெத்திராபியூற்றைல் அமோனியம் எட்சாபுளோரோபொசுபேற்று. அந்த உப்பைச் சூடான எதனோலில் கரைத்து மீளப் பளிங்காக்கி, வெற்றிடத்தில் 80 பாகை செல்சியசில் இரவு முழுக்க உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் அளக்கக்கூடிய அழுத்த வீச்சு இரு பக்கமும் சுருங்கும். ஒட்சியேறிய அயனைத் தண்ணீர் தாக்கி, மீளும் அலையும் மீளாததாகத் தெரியும்.

இருகுளோரோமெதேன் கொதிப்பது 40 பாகையில். வைகாசி மத்தியானத்தில் ஆகன் வாயுவை நேரே கரைசலுக்குள் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்: கலத்தில் மட்டம் இறங்கும், மின்வாயின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உப்பு படியும். இப்போது உங்கள் செறிவு நீங்கள் குறித்துவைத்த செறிவு அல்ல. வாயுவை முதலில் வேறொரு குப்பியிலுள்ள தூய கரைப்பானுக்குள் விட்டு, ஆவியால் நிரம்பியபின் கலத்துக்குள் விடுங்கள். அளக்கும்போது குழாயைக் கரைசலுக்கு மேலே தூக்கி வையுங்கள். ஆகன் காற்றைவிடப் பாரமானது, போர்வைபோல் மேலே கிடக்கும்.

இன்னொன்று: உப்பின் எதிரயன் பார்வையாளர் அல்ல. எட்சாபுளோரோபொசுபேற்று போன்ற சிறிய அயன் இரட்டை ஏற்றமுள்ள உங்கள் அயனோடு ஒட்டிக்கொள்ளும். புளோரின் ஏறிய நான்கு பீனைல் வளையங்களைக் கொண்ட பெரிய போரேற்று அயனுக்கு மாற்றினால், அதே சேர்வையின் அலை இடைவெளி கணிசமாக விரியலாம். ஒட்டிக்கொள்ளும் அயன் இல்லாதபோது இரண்டாவது ஏற்றத்தைத் தாங்குவது கடினமாகிறது, அவ்வளவுதான். உலோகங்களுக்கிடையே எதுவும் மாறவில்லை. இதை நினைவில் வையுங்கள், 5 ஆம் படியில் தேவைப்படும்.

4. சீ.வி. (சக்கர வோல்ற்றளவியல்) எடுப்பது

மூன்று மில்லிமீற்றர் கண்ணாடிக் காபன் மின்வாயை 0.05 மைக்ரோன் அலுமினாவில் எட்டு வடிவில் தேய்த்து மினுக்கிக் கழுவுங்கள். முதலில் வெறும் உப்புக் கரைசலை ஓட்டி வெற்றுக்கோட்டைப் பாருங்கள். அப்புறம்தான் சேர்வை.

வெறும் வெள்ளிக் கம்பியை ஒப்பீட்டு மின்வாயாக வைத்தால் அது நாளுக்கு நாள், சிலவேளை ஓட்டத்துக்கு ஓட்டம் நகரும். ஆகவே கடைசியில், அழுத்தம் நிலையாக நிற்கும் இரும்புச் சேர்வையான பெரோசீன் ஒரு துளி சேர்த்து எல்லா அழுத்தத்தையும் அதற்கெதிராகவே எழுதுங்கள். உங்கள் சேர்வையிலேயே பெரோசீன் இருந்தால் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போது தெகாமெதைல் பெரோசீன் போடுங்கள், அது அரை வோல்ற்று அளவு கீழே தனியாக நிற்கும்.

செக்கனுக்கு 50 மில்லிவோல்ற்றிலிருந்து 1000 வரை பல வேகங்களில் ஓட்டுங்கள். அறை வெப்பநிலையில் ஓர் இலத்திரன் மீளும் அலையில் முன்னுச்சிக்கும் பின்னுச்சிக்கும் இடையே கொள்கைப்படி 59 மில்லிவோல்ற்று அளவு வரவேண்டும். இருகுளோரோமெதேனில் தடை அதிகம் என்பதால் 80, 90 என்று வருவது வழமை. பயப்பட வேண்டாம்: அதே கலத்தில் பெரோசீனும் 85 காட்டினால் கலத்தின் தடை அது. பெரோசீன் 80 காட்ட உங்கள் சேர்வை 160 காட்டினால் வேறு கதை. ஒன்றில் இலத்திரன் மாற்றம் மெதுவானது, அல்லது இரண்டு அலைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஒட்டிய அலைகளைப் பிரிக்கத் துடிப்பு முறையை எடுங்கள். சிறிய துடிப்பில் ஓர் இலத்திரன் உச்சியின் அரை உயர அகலம் 90 மில்லிவோல்ற்று அளவு. அதைவிட அகன்றிருந்தால், அகலத்திலிருந்தே இடைவெளியை மதிப்பிடலாம்.

5. இரண்டு அலைகளின் இடைவெளி: எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

அதிகம் வழுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இடைவெளி உண்மையில் தருவது ஒரு சமநிலை மாறிலி. நடுநிலை மூலக்கூறு ஒன்றும் இரட்டை ஒட்சியேறிய மூலக்கூறு ஒன்றும் சந்தித்து, இரண்டு கலப்பு வலுவளவு அயன்களாக (ஓர் இலத்திரன் மட்டும் போன அயன்களாக) மாறும் சமநிலை அது. 25 பாகையில் கணக்கு: இடைவெளியை மில்லிவோல்ற்றில் எடுத்து 59 ஆல் வகுங்கள், வருவதைப் 10 இன் அடுக்காகப் போடுங்கள்.

இரு உலோகங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டாலும் மாறிலி 1 ஆக இருக்காது, 4 ஆக இருக்கும். இடது, வலது என்று இரண்டு வழி இருப்பதால் வரும் எண்ணிக்கைக் கணக்கு அது. இடைவெளியில் சொன்னால் 36 மில்லிவோல்ற்று. அதற்கு மேல் உள்ளதைப் பற்றித்தான் பேசவே வேண்டும்.

அந்த மேலதிகத்துக்குள் என்னென்ன இருக்கிறது? ஒரு நேரேற்றத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நேரேற்றத்தை வைப்பதன் தள்ளுகை. அயன் ஒட்டுதல். கரைப்பான் சூழ்ந்துகொள்ளுதல். ஒரு முனை ஒட்சியேறியதும் மறுமுனையின் இலத்திரன் செறிவு பிணைப்பு வழியாக இழுபடுதல். இவ்வளவுக்கும் பிறகுதான், நீங்கள் தேடும் இலத்திரன் பரவல். எல்லாம் ஒரே பையில் வருகின்றன, ஒரே எண்ணாக.

இரண்டு பெரோசீன்களை ஒரு மெதிலீன் தொகுதியால் மட்டும் இணைத்தாலும் இரண்டு அலைகள் வரும். நிரம்பிய காபன் அது, பை ஒபிற்றல் வழி கிடையாது. அங்கே பெரும்பங்கு வெறும் ஏற்றத் தள்ளுகைதான். விறாந்தைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டும் உதாரணம் இது.

மறுமுனையில், பைரசீன் பாலத்தோடு இரண்டு றுத்தேனியம் அமீன் தொகுதிகள் உள்ள குரூட்சு–டௌபே அயனில் இடைவெளி 390 மில்லிவோல்ற்று அளவு, மாறிலி 10 இன் 6 ஆம் அடுக்கு அளவில். நான்கு காபன் சங்கிலியால் இரண்டு இரும்புகளை இணைத்த லப்பாந்து குழுவின் சேர்வையில் 720 மில்லிவோல்ற்று, மாறிலி 10 இன் 12 ஆம் அடுக்கு. இவற்றில் பலமான பிணைப்பு உண்மைதான். ஆனால் அதை நிரூபித்தது இடைவெளி மட்டும் அல்ல, நிறமாலைகளும் சேர்ந்துதான்.

ஆக, இந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது? அடுத்த படிகளில் கலத்துக்குள் என்ன இருக்கும் என்று கணக்கிட. பாதி ஒட்சியேற்றிய கரைசலில் 100 மில்லிவோல்ற்று இடைவெளி என்றால் மாறிலி 49 அளவு, கலப்பு வலுவளவு அயன் 78 சதவீதம்தான். மிச்சம் நடுநிலையும் இரட்டை ஒட்சியேறியதும். 200 மில்லிவோல்ற்று என்றால் 96 சதவீதம். 78 சதவீதத்தை 100 என்று எடுத்து உறிஞ்சல்திறன் கணக்கிட்டால், பின்னால் வரும் எல்லா எண்களும் பிழைக்கும்.

6. இலத்திரன் யாருடையது: செந்நிறக்கீழ் அளவீடு

உங்கள் உலோகத்தில் காபனைல் இருந்தால் அதிர்ஷ்டசாலி. உலோகம் தன் இலத்திரனை காபனைலுக்குப் பின்வழங்கும்; உலோகம் ஒட்சியேறினால் அந்த வழங்கல் குறையும், காபன்–ஒட்சிசன் பிணைப்பு இறுகும், அதிர்வு மேலே நகரும். உலோகமே ஓர் இலத்திரனை முழுதாக இழந்தால் நகர்வு 100 செ.மீ⁻¹ அளவிலோ அதற்கு மேலோ எதிர்பார்க்கலாம். சில பத்துகள் மட்டும் நகர்ந்தால், இலத்திரனில் பெரும்பங்கு பாலத்திலிருந்து போயிருக்கிறது.

அல்கைன் பாலம் என்றால் காபன்–காபன் மும்மைப் பிணைப்பின் அதிர்வைப் பாருங்கள். றுத்தேனியம் அசற்றிலைட்டுகளில் 2070 செ.மீ⁻¹ அருகே நின்ற பட்டை, ஒட்சியேற்றத்தில் 1900 களுக்கு இறங்கினால், மும்மைப் பிணைப்பு இரட்டைப் பிணைப்புத் தன்மைக்கு வருகிறது என்று பொருள். பாலம் வேடிக்கை பார்க்கவில்லை, பங்கெடுக்கிறது.

பட்டைகளின் எண்ணிக்கையும் பேசும். ஒரு முனை ஒட்சியேறி மறுமுனை ஏறாமல் நின்றால் இரண்டு காபனைல் பட்டைகள். முழுதாகப் பரவியிருந்தால் நடுவில் ஒன்று. அதிர்வு மிக வேகமான கடிகாரம் என்பதால், இலத்திரன் இங்கும் அங்கும் தாவினாலும் இது பெரும்பாலும் தனித்தனியாகவே படம் பிடிக்கும்.

ஒளி ஊடுருவும் மெல்லிய கலத்தில் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி அளப்பது நல்லது. முடிந்ததும் அழுத்தத்தைத் திருப்பிப் பழைய நிறமாலை முழுதாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நீங்கள் அளந்தது உங்கள் அயனை அல்ல, அதன் சிதைவை.

அந்தக் கலம் கிடைக்காவிட்டால் இரசாயன ஒட்சியேற்றி போடலாம். இருகுளோரோமெதேனில், பெரோசீனுக்கெதிராக, அசற்றைல் பெரோசீனியம் 0.27 வோல்ற்று, வெள்ளி அயன் 0.65. அதே வெள்ளி அசற்றோநைத்திரைலில் 0.04 தான். ஒரு கரைப்பானில் வேலை செய்தது மற்றதில் ஏன் சும்மா இருக்கிறது என்று ஒரு தங்கச்சி இரண்டு கிழமை குழம்பினாள், காரணம் இதுதான். அல்கைன் பாலங்களுக்கு வெள்ளியையே தவிர்த்துவிடுங்கள். அது மும்மைப் பிணைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சோடியில்லாத இலத்திரனைக் காட்டும் ஈஎஸ்ஆர் நிறமாலை வசதி இருந்தால் அதையும் எடுங்கள். ஜீ மதிப்பு 2.00 ஐ ஒட்டி, கூர்மையாக, அறை வெப்பநிலையிலேயே தெரிந்தால் பாலத்தில் சேதன மூலிகம் (சோடியில்லாத இலத்திரனுள்ள கரிமப் பகுதி) இருக்கிறது என்ற சந்தேகம் பலக்கும். உறையவைத்தால்தான் தெரிகிறது, அகன்று பிரிந்து நிற்கிறது என்றால் உலோகத்தின் பங்கு பெரிது.

என் பிழையும் இங்கேதான். பல வருடங்களுக்கு முன் இந்தப் படியை விட்டுவிட்டு நேரே அடுத்ததற்குப் போனேன். அழகான அகன்ற பட்டை கிடைத்தது, சூத்திரத்தில் போட்டேன், பிணைப்பு எண் (உலோகங்கள் எவ்வளவு பலமாகப் பிணைந்திருக்கின்றன என்பதன் அளவு) வந்தது, உரையும் நிகழ்த்திவிட்டேன். பின்னால் காபனைல் நகர்வைப் பார்த்தால் முப்பது செ.மீ⁻¹ கூட இல்லை. உலோகங்கள் ஒட்சியேறவேயில்லை! நான் அளந்தது பாலத்தின் மூலிகத்தை.

7. அண்மைச் செந்நிறக்கீழ்ப் பட்டை

6 ஆம் படியில் உலோகத்தின் இலத்திரன்தான் என்று தெரிந்தால் மட்டும் இந்தக் கணக்குக்கு வாருங்கள்.

ஒரு கரையில் இரண்டாம் வலுவளவும் மறுகரையில் மூன்றாம் வலுவளவும் இருந்தால், ஒளியை வாங்கி இலத்திரன் தாவும். அந்த உறிஞ்சலை ஐ.வி.சி.டி. (வலுவளவுகளுக்கிடை ஏற்ற மாற்ற) பட்டை என்போம். நம் நாட்டு நீலக்கல்லின் நீலமும் இந்த வகைத் தாவல்தான். அங்கே இரும்பிலிருந்து தைத்தேனியத்துக்கு. அதே இரண்டு உலோகங்கள்தான் புல்மோட்டைக் கறுப்பு மணலிலும் இருக்கின்றன.

நம் சேர்வைகளில் பட்டை பெரும்பாலும் 1000 நானோமீற்றருக்கு அப்பால் இருக்கும். 1450, 1940 அருகே தண்ணீரும், 1700 ஐ ஒட்டிக் கரைப்பானின் காபன்–ஐதரசன் மேற்சுரங்களும் குறுக்கிடும். தியூத்தேரியம் ஏற்றிய கரைப்பான் இருந்தால் நல்லது. கருவி தன் உணரியை மாற்றும் இடத்தில், 800–900 நானோமீற்றர் அருகே, ஒரு படிக்கட்டு விழும். அதைப் பட்டை என்று எழுதாதீர்கள்.

நடுநிலை, ஒற்றை, இரட்டை ஒட்சியேற்றம் மூன்றையும் அளக்க வேண்டும். பட்டை ஒற்றையில் தோன்றி இரட்டையில் மறைய வேண்டும். இரட்டையிலும் தொடர்ந்தால் அது உலோகத்துக்கிடைத் தாவல் அல்ல. அப்புறம் எல்லாவற்றையும் அலையெண்ணுக்கு மாற்றுங்கள். நானோமீற்றரில் அளந்த அகலத்தைச் சூத்திரத்தில் போடுவது ஒவ்வொரு வருடமும் யாராவது செய்யும் பிழை.

கணக்குக்காக ஒரு பட்டை எடுப்போம்: உச்சி 1800 நானோமீற்றர், அதாவது 5556 செ.மீ⁻¹. மூலர் உறிஞ்சல்திறன் 700. அரை உயர அகலம் 3600 செ.மீ⁻¹. உலோகங்களுக்கிடைத் தூரம் 5.1 அங்சுட்ரோம்.

முதலில் ஹஷ் சூத்திரப்படி அகலத்தைச் சோதியுங்கள். உச்சியை 2310 ஆல் பெருக்கி வர்க்கமூலம்: 3582. அளந்தது 3600. பொருந்துகிறது, ஆகவே கணக்கைத் தொடரலாம். அடுத்து உச்சி, உறிஞ்சல்திறன், அகலம் மூன்றையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.0206 ஆல் பெருக்கி, தூரத்தால் வகுங்கள். கிட்டத்தட்ட 478 செ.மீ⁻¹ வரும். அதுதான் பிணைப்பு எண். இதன் இரட்டிப்பு உச்சியின் சக்தியைவிட மிகக் குறைவு; ரொபின்–டே வகுப்பில் இரண்டாவது. (முதலாம் வகுப்பில் பிணைப்பே இல்லை, இரண்டாவதில் ஓரளவு, மூன்றாவதில் இலத்திரன் முழுதாகப் பரவியிருக்கும்.)

இனி குரூட்சு–டௌபே அயன். உச்சி 6400 செ.மீ⁻¹ அளவில். சூத்திரம் கேட்கும் அகலம் 3845. உண்மையில் அகலம் 1500 ஐக்கூட எட்டுவது கடினம். இவ்வளவு ஒடுங்கினால் மேலே உள்ள கணக்கு செல்லாது. மூன்றாம் வகுப்பில் பிணைப்பு எண் உச்சியின் நேர்பாதி, 3200.

தூரத்தைப் பளிங்குக் கட்டமைப்பிலிருந்து எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இலத்திரன் ஏற்கெனவே கொஞ்சம் பரவியிருப்பதால் அது தாவும் உண்மைத் தூரம் குறைவு. ஆகவே உங்கள் எண்ணைக் கீழெல்லை என்று எழுதுங்கள்.

8. கரைப்பானை மாற்றிப் பாருங்கள்

சின்னப் படி, விட வேண்டாம். இரண்டாம் வகுப்பில் இலத்திரன் நகரும்போது சுற்றியுள்ள கரைப்பானும் திரும்ப வேண்டும், ஆகவே முனைவு மாறினால் பட்டை இடம் மாறும். மூன்றாம் வகுப்பில் அசையாது. ஒரே கரைப்பானில் அளந்துவிட்டு வகுப்பு எழுதியவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

9. கணினி கடைசியில்

இலத்திரன் அடர்த்தியைக் கணிக்கும் டி.எப்.டி. கணக்கை முதலே ஓட்டினால், படத்தைப் பார்த்துவிட்டு அளவீட்டை அதற்கு ஏற்ப வாசிக்கத் தொடங்கிவிடுவோம். அதனால்தான் கடைசியில்.

பி3எல்வைபி போன்ற செயலிகள் (இந்தக் கணக்கில் தெரிவுசெய்யும் சமன்பாட்டு வகைகள்) இலத்திரனைத் தேவைக்கு மேல் பரப்பும். அதில் உள்ள துல்லிய மாற்றுப்பங்கு (exact exchange) 20 சதவீதம். கலப்பு வலுவளவுக்காகவே 35 சதவீதத்தோடு அமைத்த பிஎல்வைபி35 போன்றவை இங்கே நம்பகமானவை. கரைப்பான் மாதிரியும் கட்டாயம். வெற்றிடத்தில் எல்லாமே பரவியதாகத் தெரியும்.

நேரத்தை மிச்சப்படுத்த பொசுபீன்களிலுள்ள பீனைல்களை வெட்டி ஐதரசன் போடுவது பழக்கம். உலோகத்தின் சக்தி மட்டம் நகர்ந்து, பாலத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலான வரிசையே மாறிவிடும். கேள்வியே அந்த வரிசை என்பதால், முழு மூலக்கூறையே போடுங்கள். நீண்ட கணக்கு, இடையில் கரண்ட் போகும். ஒவ்வொரு படியின் வடிவமும் சேமிக்கப்படுகிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள்.

பாலத்தில் அரோமற்றிக்கு வளையம் இருந்தால் அதைச் சுழற்றிப் பல கோணங்களில் கணக்கிடுங்கள். ஒரு கோணத்தில் வழி திறந்திருக்கும், செங்குத்தாகத் திரும்பினால் மூடும். கரைசலில் எல்லாக் கோணமும் கலந்தே இருக்கும். அண்மைச் செந்நிறக்கீழ்ப் பட்டை இரண்டு மூன்றாகப் பிரிந்து தெரிவதற்குச் சிலவேளை காரணம் அவ்வளவுதான்.

பெறுபேற்றில் சுழற்சி அடர்த்தி (சோடியில்லாத இலத்திரனின் பரவல்) உலோகத்தில் எவ்வளவு, பாலத்தில் எவ்வளவு என்று எடுத்து, கணித்த காபனைல் அதிர்வு நகர்வை 6 ஆம் படியில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் செயலியை மாற்றுங்கள், அளவீட்டை அல்ல.

10. எழுதும்போது

கரைப்பான், உப்பு, அதன் செறிவு, வெப்பநிலை, ஒப்பீடு: ஐந்தும் இல்லாமல் ஓர் அழுத்தத்தையும் அட்டவணையில் போடாதீர்கள். அலை இடைவெளியை வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதென்றால் இந்த ஐந்தும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இடைவெளியை "வெப்ப இயக்கவியல் நிலைப்பு" என்ற தலைப்பின் கீழும், பிணைப்பு எண்ணை நிறமாலைத் தலைப்பின் கீழும் தனித்தனியாக வையுங்கள். அப்புறம் முதல் நாள் பென்சிலால் போட்ட அந்த மூன்று பெட்டிப் படத்தை எடுத்து, வெற்றிடம் எந்தப் பெட்டியில் என்று மையால் குறியுங்கள். அநேகமாக அழிறப்பரும் தேவைப்படும்.